மணிக்கு 35 ரூபாய்

மே மாதம் வந்தால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எனக்குப் போன் வந்தபடி இருக்கும். "சனி ஞாயிறு பாண்டிக்கு வர்றோம் சார், எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம்?" பாகூர்ல நெல்லு வெக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இதுன்னு நினைச்சுக்குவேன். ஆனாலும் தெரிந்ததைச் சொல்வேன். இந்த வருஷம் இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடிய ஆள் வீட்டிலேயே இருக்கிறாள். என் மகள். ஏப்ரல் கடைசியில் பி.காம். பரீட்சை முடித்தாள். அன்றிலிருந்து வேலை தேடுகிறாள். வாரத்தில் மூன்று நாளாவது டவுனுக்குப் போய்வருகிறாள். எந்தத் தெருவில் புதுக் கடை திறந்தார்கள், எந்த ஓட்டலில் ஆள் நிற்க மாட்டேன் என்று ஓடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நீங்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகிற அதே தெருக்களை அவள் இரண்டு மாதமாக வேறு காரியமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பதிவு அதைப் பற்றி.

முதலில் ஒரு வார்த்தையைத் தீர்த்துவிடுகிறேன். "சும்மா."

"இன்னா பாப்பா, படிச்சி முடிச்சிட்டியாமே? வூட்ல சும்மாதான் இருக்கியா?"

கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், காதுகுத்தில் கேட்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்கிறார். மே, ஜூன் இரண்டு மாதத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று அவள் ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். 43 பேர். கடைசியாகக் கேட்டவர் எங்கள் வீட்டுக்கு எரு பேச வந்தவர்.

அவள் சும்மா இருக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து தொழுவம் கூட்டுகிறாள். அவள் அம்மா கறந்து கொடுக்கிற பாலை பாண்லே சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிறாள். ஏழிலிருந்து எட்டு வரை டைப்பிங் பழகுகிறாள். கிளார்க் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினாலும் டைப்பிங் வேகம் பார்ப்பார்களாம். எட்டரை மணி பஸ். கையில் சோற்று டப்பா, தண்ணி பாட்டில், ஒரு பிளாஸ்டிக் பைல். பைலுக்குள் மார்க் ஷீட், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, டேலி படித்த சர்டிபிகேட். எல்லாவற்றிலும் ஆறு ஆறு ஜெராக்ஸ். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு டஜன். இந்த இரண்டு மாதத்தில் ஜெராக்ஸுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் 1,900 ரூபாய் ஆகியிருக்கிறது. வேலை தேடுவதும் செலவு வைக்கிற வேலைதான்.

பாகூரிலிருந்து டவுன் இருபது கிலோமீட்டர் சொச்சம். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டினால் நோணாங்குப்பம் பாலம். கீழே சுண்ணாம்பாறு, பக்கத்தில் போட் ஹவுஸ். நீங்கள் பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏறுவது இங்கேதான். சனி ஞாயிறில் உங்கள் கார்கள் இந்த இடத்தில் பஸ்ஸை நகர விடாது. அப்புறம் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை. முதலியார்பேட்டையில் கடலூர் ரோட்டு ஓரமாகப் பெரிய மதில் ஒன்று நீளமாக வரும். அது ஏ.எப்.டி. மில். ஊரில் பழைய ஆட்கள் ரோடியர் மில் என்பார்கள். 1898-ல் தொடங்கிய மில். 2011 டிசம்பரில் அடித்த தானே புயலில் அடிபட்டு, பிறகு எழுந்திருக்கவே இல்லை. 2020-ல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். புது பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டியபோது பஸ்களெல்லாம் இந்த மில் திடலில்தான் நின்றன. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுத்த இடத்தில் பஸ் ஏறித்தான் எங்கள் பிள்ளைகள் வேலை தேடப் போனார்கள்.

என் பெரியப்பா அந்த மில்லில் 28 வருஷம் வேலை பார்த்தவர். முதலியார்பேட்டையில் ரூம் எடுத்துத் தங்கி, வாரத்துக்கு ஒரு நாள் ஊருக்கு வருவார். எட்டு மணி நேர ஷிப்ட். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் போர் போட்டது.

பாண்டிச்சேரிப் பக்கத்தில் ஒரு குடும்பம் நிமிர்ந்தது என்றால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று வழிதான் இருக்கும். ஒன்று மில். இரண்டு சர்க்கார் உத்தியோகம். மூன்று சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர்கள். 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்ட குடும்பங்களுக்குப் பிள்ளைகள் பிரான்ஸில், பென்ஷன் யூரோவில். ஜூலை 14 வந்தால் அந்தத் தாத்தாக்கள் கோட்டில் மெடல் குத்திக்கொண்டு பீச் ரோட்டுப் போர் நினைவுச் சின்னத்துக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் அந்த வழி கிடையாது. மில் மூடிவிட்டது. மிச்சம் சர்க்கார்.

சர்க்கார் வேலையில் எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. தமிழ்நாட்டுக்கு டி.என்.பி.எஸ்.சி. இருப்பதுபோல புதுச்சேரிக்கென்று தனித் தேர்வாணையம் இல்லை. பெரிய பதவிகளுக்கு டெல்லியில் இருக்கிற யு.பி.எஸ்.சி. மற்ற வேலைகளுக்கு இங்கே அரசாங்கமே எப்போது அறிவிக்கிறதோ அப்போது. அறிவிப்பு வந்தால் புதுச்சேரி, காரைக்கால் மட்டும் இல்லாமல் கேரளாப் பக்கம் மாஹே, ஆந்திராப் பக்கம் ஏனாம் வரைக்கும் எழுதுவார்கள். சரி, டி.என்.பி.எஸ்.சி. எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் வேறு மாநிலத்துக்காரர்கள் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே இடஒதுக்கீடு கிடையாது. பொதுப்பிரிவில்தான் போட்டி போட வேண்டும். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம். பரீட்சை வைத்ததும் தமிழ்நாட்டு போர்டு. எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் கடலூர் மாவட்டம் வந்துவிடும். அந்த ஊரில் அவளோடு சேர்ந்து படித்த பெண்ணுக்கு இருக்கிற வாய்ப்பு இவளுக்கு இல்லை. புத்தகம் ஒன்று, பாஷை ஒன்று, வாய்க்கால் தண்ணிகூட ஒன்று. பத்திரத்தில் ஊர் மட்டும் வேறு.

அதனால் அவள் தினமும் போகிற முதல் இடம் ரோமன் ரோலண்ட் நூலகம். 1827-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய நூலகம். உங்களில் சிலர் அந்தக் கட்டிடத்துக்கு வெளியே நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள். பேப்பர் படிக்கிற தாத்தாக்களோடு, பொது அறிவுப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க ஒருத்தர் முன்கூட்டியே வந்து நோட்டுப் போட்டு வைப்பதும் உண்டு. நான்கு வருஷமாக வருகிற அண்ணன்கள் இருக்கிறார்கள் என்கிறாள். முதல் வாரம் அவர்களைப் பார்த்துப் பயமாக இருந்ததாம். இப்போது அவர்களிடம் கணக்குச் சந்தேகம் கேட்கிறாள்.

மதியம் பாரதி பூங்கா. ஆயி மண்டபம் தெரிகிற மாதிரி ஒரு மரத்தடி. அரியாங்குப்பத்தில் ஒரு தோழி, முத்தியால்பேட்டையில் ஒரு தோழி. மூன்று பேரும் டப்பாவைத் திறந்தால் மூன்று சாதமும் மூன்று பேருக்கும். புதன்கிழமை மட்டும் சாயங்காலம் பீச். சனி ஞாயிறில் போவதில்லை, கூட்டம். ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து ஒரு நடை. எனக்கு விவரம் தெரிந்தபோது அங்கே மணல் போய்க் கருங்கல் குவிந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டியதும் மணல் அரித்துப் போய்விட்டது. சில வருஷம் முன்னால் கடலுக்குள் தடுப்பு போட்ட பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே திரும்பவும் மணல் சேர்ந்திருக்கிறது. "அப்பா, நாப்பது வருஷம் கழிச்சிகூட திரும்பி வருது பாருங்க" என்றாள் ஒருநாள். மணலைத்தான் சொன்னாளா, வேறெதையுமா என்று நான் கேட்கவில்லை.

அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. எதிரே வருகிற குடும்பம் எந்த ஊர், எந்த ரூமில் தங்கியிருக்கிறது, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கொடுத்திருக்கும் என்று கணக்குப் போடுவது. வாடகையெல்லாம் அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த இடங்களுக்கெல்லாம் பயோடேட்டா கொடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கவும் யோசித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அவள் இன்டர்வியூவுக்கென்று ஒரு சுடிதார் எடுத்தாள், 350 ரூபாய். பழைய புத்தகக் குவியலில் பொதுத்தேர்வு கைடு ஒன்று 60 ரூபாய். இரண்டு மாதத்தில் அவள் தனக்காகச் செய்த பெரிய செலவு அதுதான்.

இனி இன்டர்வியூ. இதுவரை ஒன்பது.

ஒரு ஏஜென்சி, வேலை வாங்கித் தருவதற்கு முன்பணம் 3,000 ரூபாய் கேட்டது. எழுந்து வந்துவிட்டாள். ஒரு கம்பெனியில் கணக்கு வேலை என்று கூப்பிட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் இன்சூரன்ஸ் பிடிக்க வேண்டும் என்றார்கள். ஒரு இடத்தில் அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். போன மாசம்தான் பரீட்சை எழுதினேன் என்றாள். அனுபவத்தோடு வா என்றார்கள். எங்கே போய் வாங்கிக்கொண்டு வருவது என்று சொல்லவில்லை. சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகளில் நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே அவர்கள் கேட்பது பெரும்பாலும் டிப்ளமா, ஐ.டி.ஐ. படித்தவர்களை.

ஒன்பதில் கூப்பிட்டு வேலை தருகிறோம் என்றது இரண்டு. முதலாவது டவுனில் ஒரு விடுதி, ரிசப்ஷன் வேலை. மாதம் 11,000 ரூபாய், ஒரு வேளைச் சாப்பாடு. இங்கிலீஷ் பேசுகிறாள், கம்ப்யூட்டர் தெரியும், உடனே சேரலாம் என்றார்கள். இவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

"எத்தன மணி நேரம் சார்?"

"காலைல எட்டு டு நைட்டு எட்டு."

"எட்டு மணி நேரம் இல்லையா சார்?"

அவர் சிரித்தாராம். "ஓட்டல் லைன்ல எட்டு மணி நேரமா? யாரும்மா உனக்குச் சொன்னது?"

யார் சொன்னது என்று நான் சொல்கிறேன். 1936 ஜூலை 30. பிரெஞ்சு ஆட்சிக் காலம். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி, சங்கம் வைக்கிற உரிமை கேட்டு இந்த ஊர் மில் தொழிலாளிகள் போராடினார்கள். வ. சுப்பையா முன்னால் நின்றார். சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான், 1937-ல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. சவானா மில்தான் பிறகு சுதேசி மில் ஆனது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். அதுவும் மூடிக் கிடக்கிறது. என் பெரியப்பாவுக்குக் கிடைத்த எட்டு மணி நேர ஷிப்ட் அந்தப் பன்னிரண்டு பேர் கொடுத்தது. அவர் வருஷா வருஷம் ஜூலை 30 அன்று சட்டை மாற்றிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போவார். இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் மடியில் உட்கார்ந்து கேட்ட கதை அது. விடுதிக்காரருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். 12 மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 312 மணி. 11,000-ஐ 312-ஆல் வகுத்தாள். மணிக்கு 35 ரூபாய் சொச்சம்.

அதோடு விட்டிருக்கலாம். "அப்பா, நவரைக் கணக்கச் சொல்லுங்க" என்றாள். சித்திரையில் அறுத்த நவரைப் பட்டம். இரண்டு ஏக்கர், ஏக்கருக்கு முப்பது மூட்டை. 75 கிலோ மூட்டை 1,500 ரூபாய்க்குப் போனது. 90,000 வரவு. உழவு, விதை, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு மிஷின், ஏற்றுக்கூலி எல்லாம் 64,000. மிச்சம் 26,000. வைக்கோல் மாட்டுக்கு. இதுவரை என் கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லாரும் கணக்கை இந்த இடத்தில்தான் நிறுத்துவோம்.

"உங்க கூலி எங்க?"

"என் நெலத்துக்கு நான் என்ன கூலி எழுதறது?"

தண்ணி கட்டினது, வரப்பு கட்டினது, மருந்து அடிச்சது, காவலுக்குப் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். 440 மணி நேரம். மணிக்கு 59 ரூபாய். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விடுதியைவிட நான் பரவாயில்லை. அப்போது அவள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் களை எடுத்தது, ஆளுங்களுக்குச் சோறு தூக்கிட்டுப் போனது எல்லாம் எந்தக் கணக்குல வருது?" என்றாள். அதையும் கூட்டினாள், 200 மணி. 26,000-ஐ 640-ஆல் வகுத்தால் 40 ரூபாய் 60 பைசா சொச்சம்.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவள்தான் சொன்னாள். எங்கள் கொல்லையில் நடவுக்கு வருகிற அக்காக்களுக்கு எட்டிலிருந்து ஒரு மணி வரை 300 ரூபாய். மணிக்கு 60. இந்தத் தாளில் இருக்கிற எல்லாரையும்விட அதிகம். ஆனால் அது வருஷத்தில் சில வாரம்தான் கிடைக்கும்.

"இதுக்குத்தான் பி.காம். படிக்க வெச்சியா?" என்று என் மச்சான் கேட்டார், இந்தக் கதையைக் கேட்டதும். இதுக்கும்தான் என்றேன். பாகூரில் ஒரு செப்பேடு கிடைத்திருக்கிறது. பல்லவ ராஜா நிருபதுங்கவர்மன் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அந்தக் காலத்துக் காலேஜுக்கு, மூன்று ஊர்களின் வருமானத்தை எழுதிவைத்த செய்தி அதில் இருக்கிறது. இந்த மண்ணில் விளைந்தது படிப்புக்குப் போவது ஆயிரத்து நூறு வருஷத்துப் பழக்கம். அன்றைக்கு மூன்று ஊர், என் வீட்டில் இரண்டு ஏக்கர். நாலு பட்டமாக நெல் போட்டு ஒன்றும் மிஞ்சவில்லை என்று புலம்புகிற எங்களுக்கு, ஏன் மிஞ்சவில்லை என்று ஒரே ராத்திரியில் எழுதிக் காட்டினாள். காசு கொடுத்துக் கேட்டாலும் இதை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வேலை ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உதவியாளர். ஜி.எஸ்.டி. கணக்கு போடப் பழக்குவார்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு, நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. அதாவது எட்டு மணி நேரம். சம்பளம் 9,000.

வீட்டில் இரண்டு நாள் சண்டை. கறவை மாடு வாங்கிய கடனுக்கு மாதம் 2,300 ரூபாய் கட்டுகிறோம். 11,000 வந்தால் அது சிரமமில்லாமல் கழியும். "ஒம்போது பெருசா, பதினொன்னு பெருசா? இதுக்கு இன்னா பி.காம். வேணும்?" என்றாள் அவள் அம்மா. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. தவணை கட்ட வேண்டிய தேதியில் மணிக் கணக்கைக் காட்டிக் கடனை அடைக்க முடியாது. இவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 9,000-ஐ 208 மணியால் வகுத்தால் மணிக்கு 43 ரூபாய். "எட்டு மணிக்கு ராத்திரி வேல முடிஞ்சா வூட்டுக்கு வர்றதுக்கு ஒம்போதரை ஆயிடும். எப்பம்மா படிக்கிறது? எப்ப எக்ஸாம் எழுதறது? அங்க ரெண்டாயிரம் சேத்துத் தர்றாங்க, ஆனா மாசம் நூறு மணி நேரம் எடுத்துக்கிறாங்க."

நான் என்ன சொல்வது? மாதம் 104 மணி நேரம். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவும் சங்கு ஊதிய பிறகு மிஞ்சிய நேரத்தில்தான் எங்கள் அப்பாவை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

நீங்கள் பாண்டிக்கு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் வருவதால்தான் இந்த ஊரில் நிறைய அடுப்பு எரிகிறது. சாவி கொடுக்கிற பெண்ணிடம் முடிந்தால் ஒரு வார்த்தை, எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஒரு பட்டதாரிப் பெண். இந்த இரண்டு மாதத்தில் அவளிடம் 'சும்மா இருக்கியா' என்று கேட்டவர்கள் நிறையப் பேர், இதைக் கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்.

திங்கட்கிழமை ஆடிட்டர் ஆபீஸில் சேர்கிறாள். கடன் தவணைக்கு அவள் பங்கு 1,000 ரூபாய் என்று பேச்சு. மிச்சத்துக்குச் சொர்ணவாரி நெல் இருக்கிறது, ஆடியில் அறுப்பு. இந்த முறை நடவு நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மூன்று கட்டம்: தேதி, வேலை, மணி. என் பெயருக்கு ஒரு பக்கம், அவள் அம்மா பெயருக்கு ஒரு பக்கம். இதுவரை அம்மா பக்கம்தான் வேகமாக நிரம்புகிறது.